ராபன் தீவில் ஒரு கால்பந்துச் சங்கம்

கேப் டவுனுக்கு எதிரே கடலுக்குள் இருக்கிறது ராபன் தீவு. 1960களில் நிறவெறி அரசு அங்கே அடைத்த அரசியல் கைதிகள் பகலெல்லாம் கல் உடைத்தார்கள். சோற்றிலும் நிறம் பார்த்த சிறை அது. இந்திய வம்சாவளிக் கைதிக்குக் கிடைத்த ரொட்டி கறுப்பினக் கைதிக்குக் கிடையாது. அத்தனை குறைகளுக்கும் நடுவே அவர்கள் விடாமல் கேட்ட ஒன்று, கால்பந்து ஆட அனுமதி. கேட்டதற்காகத் தண்டிக்கப்பட்டும் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். நெடுந்துன்பத்தில் சிறு ஆறுதல் என்பது வயிறு நிறைந்த பிறகு தேடும் சொகுசு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். தண்டனையின் முடிவு கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும்போது, வரும் சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது என்பதே அந்த வாரத்தைத் தாண்ட ஒரு பிடிமானம்.

அனுமதி கிடைத்ததும் அவர்கள் பந்தை உதைப்பதோடு நிற்கவில்லை. ஆங்கிலேயர் அதே தீவில் அடைத்துவைக்க, தப்பும்போது கடலில் மூழ்கி இறந்த கோசா தலைவர் மக்கானாவின் பெயரில் சங்கம் அமைத்தார்கள். அதற்குச் சட்டதிட்டம், நடுவர்கள், முறையீட்டை விசாரிக்கக் குழு என எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் எழுதியும் வைத்தார்கள். ஆறுதல் நிலைத்ததற்குக் காரணம் இதுதான் என்பேன்: கொடுத்தது சிறை, ஆனால் நடத்தியது கைதிகள்.

இப்படிப்பட்ட ஆறுதல் போராட்டத்தை மழுங்கடிக்காதா என்ற கேள்வி நியாயமானது. கொடுத்த சலுகையைப் பிடுங்குவோம் என்று மிரட்டும் ஆயுதமும் அதிகாரிகளிடம் இருந்ததே! ஆனால் மைதானத்தில் நடந்தது வேறு. வெளியே ஒருவரையொருவர் நம்பாத ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்காரர்களும் பான் ஆப்பிரிக்கவாதிகளும் ஒரே குழுவில் உட்கார்ந்து சச்சரவுகளைத் தீர்க்கப் பழகினார்கள். அடிமைப்பட்டவனுக்கு இதைவிட நல்ல அரசியல் பயிற்சி உண்டா? தனிப்பிரிவில் இருந்த மண்டேலாவுக்கு அந்த மைதானம் மறுக்கப்பட்டது உண்மை. அவர் சிறை முற்றத்தில் ஒரு துண்டு நிலம் கேட்டு வாங்கித் தக்காளியும் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டார். அங்கேயும் விதைத்ததும் பறித்ததும் அவர் கைதான்.

சங்கத்தின் தலைவராக இருந்தவர்களில் ஒருவர் டிக்காங் மொசெனெக்கே. 15 வயதில் சிறைப்பட்டுப் பத்தாண்டுகள் தீவில் கழித்தவர். சிறைக்குள்ளேயே சட்டம் படித்த அவர், பிற்காலத்தில் விடுதலை பெற்ற தென்னாப்பிரிக்காவின் துணைத் தலைமை நீதிபதியாக அமர்ந்தார்.