ஊரியும் யாழும்

பாசிக்குடாக் கடலில் முதன்முறையாக இறங்குகிறவர், கரையை விட்டு நெடுந்தூரம் நடந்து போன பின்னரும் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறாதிருப்பதையும், மகாசமுத்திரத்தை நோக்கித் திறந்து கிடக்கும் ஒரு கரையில் அலையென்று சொல்லத்தக்கதொன்றும் இல்லாதிருப்பதையும் கண்டு வியப்படைவார். குடாவின் வளைவும், அதன் வாயருகே நீருக்கடியிற் கிடக்கும் முருகைக்கற் பாறைகளும் பெருங்கடலின் வேகத்தை ஏற்று ஆற்றிவிடுவதால், உள்ளே வந்து சேரும் நீர், தாம்பாளத்தில் ஊற்றி வைத்ததுபோல் அசைவற்றுக் கிடக்கிறது. மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இந்தக் கரையில், ஒரு காலை வேளையில், கணுக்காலளவு நீரில் நின்றுகொண்டிருந்த நான் குனிந்து ஓர் ஊரியை எடுத்தேன். சுண்டுவிரல் நீளமுள்ளது, அடியிலிருந்து நுனிவரை சுற்றுச் சுற்றாகக் குறுகிப் போவது, கபில நிறம், வாயில் ஓரிடத்தில் உடைந்திருந்தது. பிள்ளைப் பிராயத்தில் ஆயிரம் முறை எடுத்து வீசிய பொருள்தான். அன்று மட்டும் அதை வீச மனம் வரவில்லை.

என் தொழில் கணக்கெழுதுவது. ஊரிக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆயினும் அதற்கடுத்த ஐந்தாறு வாரங்கள், வேலை முடிந்த பின் கிடைத்த நேரத்தையெல்லாம் ஊரி பற்றிய புத்தகங்களிலும், வாழைச்சேனை மீனவரோடு பேசும் பேச்சிலும் செலவிட்டேன். “நேத்து வானசாஸ்திரம், இண்டைக்கு ஊரி, மறுகா என்னவாம்?” என்று என் அக்கா கேட்டார். அவர் கேட்டது அன்பினாலேதான். ஆனால் அந்தக் கேள்வியின் அடியில், ஒரு காரியத்தைத் தொட்டால் கரை கண்ட பின்னரே மற்றொன்றைத் தொடவேண்டும், இல்லையேல் அது நுனிப்புல் மேய்தல் என்று நம் சமூகம் நெடுங்காலமாகக் கொண்டிருக்கும் தீர்ப்பு இருந்தது. அந்தத் தீர்ப்பை நான் மறுக்க விரும்புகிறேன்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு இன்ன வயதில் இன்ன பாடம் என்று பிறர் வகுத்துக் கொடுக்கிறார்கள். அதற்குப் பரீட்சை உண்டு, பெறுபேறு உண்டு, பின்னால் உத்தியோகமும் உண்டு. முதிர்ந்தவன் தானாகக் கற்கப் புகும்போது அந்த ஏணி இல்லை. அவனுக்கிருக்கும் ஒரே ஆசிரியர், திடீரென்று உள்ளத்தில் எழும் ‘இது ஏன்?’ என்ற ஆவலே. அந்த ஆவலை, ‘நீ எத்தனை நாள் தங்குவாய்? உன்னால் என்ன பிரயோசனம்?’ என்று வாசலிலே நிறுத்தி விசாரித்தால், அது திரும்பிப் போய்விடும். எங்கள் கிழக்கு மாகாணத்தில் இதை நான் சற்று அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. போர்க்காலத்தில் படிப்பை இடையிலே விட்டவர்கள், இடம்பெயர்ந்த முகாமில் புத்தகமின்றி வளர்ந்தவர்கள், இன்று பிள்ளைகளின் பாடப்புத்தகத்தைக் கள்ளமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைப்பதை நான் கண்டிருக்கிறேன். கல்வி என்றால் மீண்டும் முதலாம் வகுப்பிலிருந்து முறையாகத் தொடங்குவது என்ற எண்ணமே அவர்களைத் தடுக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடங்கவேண்டியதில்லை. பிடித்த இடத்திலிருந்து தொடங்கலாம்.

ஊரிக்கு வருகிறேன். அதைப் பின்தொடர்ந்தபோது நான் சந்தித்தவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் என்னும் பிரித்தானிய அரசாங்க உத்தியோகத்தர். 1845ஆம் ஆண்டு தொடக்கம் சில வருடங்கள் இலங்கையின் காலனித்துவச் செயலாளராக இருந்தவர், சட்டம் படித்தவர், பாராளுமன்றத்தில் இருந்தவர், பிராணி சாஸ்திரம் அவருடைய துறையன்று. 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்த அவரிடம், வாவியில் நீருக்கடியிலிருந்து சங்கீதம் கேட்கிறது என்று யாரோ சொல்ல, நிலவு எழுந்த பின் மீனவரோடு தோணியேறிக் கோட்டையருகே சென்று கேட்டார், கேட்டதை எழுதினார். பாடும் மீன் என்று நாம் சொல்வதை அவ்வூர் மீனவர் அவரிடம் ஊரி என்று சொன்னார்கள். அழும் ஊரி என்ற பொருள்படும் ஒரு பெயரையும் சொல்லி, அவற்றை எடுத்தும் காட்டினார்கள். அவர் அங்கம் வகித்த அரசாங்கம் அதே ஆண்டில் மாத்தளைப் பகுதியில் எழுந்த கிளர்ச்சியை இரத்தம் சிந்த அடக்கியது என்பதை மறந்துவிட எனக்குச் சம்மதமில்லை. ஆயினும், தன் கடமையில் சேராத ஒரு சிற்றொலியைத் தேடி இரவில் தோணியேறிய அந்த ஆவலை நான் மதிக்கிறேன். அவர் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய பெருநூலும், 1861இல் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலும் இத்தகைய ஆவல்களாலேயே நிரம்பியவை.

டெனன்ட் சென்றார் என்றால் நான் போகாதிருக்கலாமா? கல்லடிப் பாலத்தருகே ஒரு பௌர்ணமி இரவில், என் தகப்பனாரின் பழைய சிநேகிதரான மீனவர் ஒருவரின் தோணியில் ஏறினேன். 1924இல் திறக்கப்பட்ட அந்தப் பழைய இரும்புப் பாலம் நிலவில் கறுத்து நின்றது. வாவியின் நடுவே அவர் தோணியை நிறுத்தி, துடுப்பின் அகன்ற பாகத்தை நீருக்குள் செங்குத்தாக இறக்கி, மேல்நுனியை என் பக்கம் சாய்த்தார். “காதை ஒட்டி வை மனே. கண்ணை மூடு. மறுகா கேள்” என்றார். முதலில் என் இரத்தம் ஓடும் ஓசைதான் கேட்டது. பிறகு அதற்கப்பால், தூரத்துத் திண்ணையில் யாரோ தம்புராவின் நரம்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்ப்பது போன்ற மெல்லிய அதிர்வுகள். தொடர்ச்சியான ஒரு நாதமன்று, தனித்தனி மணிகளாக, சில தாழ்ந்தும் சில உயர்ந்தும். காதை எடுத்தால் நிசப்தம். ஒட்டினால் மீண்டும் அது. “கேக்குதாகா?” என்றார். “கேக்குது, பெரியப்பா” என்று சொல்ல எனக்குச் சற்று நேரமாயிற்று.

துடுப்பை எடுத்தால் ஏன் ஒலி மறைகிறது? ஊரியைத் தேடப் போனவன் இப்போது பௌதிகத்தின் வாசலில் நின்றேன். ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றரும், நீரில் ஏறத்தாழ 1500 மீற்றரும் செல்கிறது. நீரும் காற்றும் அடர்த்தியிலும் ஒலியை ஏற்கும் சுபாவத்திலும் அவ்வளவு வேறுபட்டவையாதலால், நீருக்குள் எழும் ஒலி மேற்பரப்பை வந்து முட்டியதும், அதன் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்களவே காற்றுக்குள் கடக்கிறது; எஞ்சியது கண்ணாடியிற் பட்ட ஒளி போல் திரும்பி ஆழத்துக்கே போய்விடுகிறது. மரத்துடுப்போ நீரின் அதிர்வை வாங்கி, காற்றை இடையில் வைக்காமல், நேரே காதருகே எலும்புக்குக் கொடுத்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் ஒலியைப் பற்றி நான் மனப்பாடம் செய்து ஒப்புவித்திருக்கிறேன். அது என் சொத்தானது அந்தத் தோணியில்தான்.

அந்த வாவியும் அந்த ஒலியும் ஓர் ஈழத்துத் தமிழ்ப் பேரறிஞரின் பெயரோடு பிணைந்தவை. மட்டக்களப்புக்குத் தெற்கேயுள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டு மார்ச் 27இல் பிறந்து, மயில்வாகனம் என்று பெயர் பெற்று, பின்னாளில் சுவாமி விபுலாநந்தராக விளங்கியவரைத்தான் சொல்கிறேன். அவரை முத்தமிழ் வித்தகர் என்று மேடையில் ஒரு வாக்கியத்தில் போற்றி முடித்துவிடுகிறோம். அவர் எவ்வாறு கற்றார் என்பதை நின்று பார்ப்பதில்லை. 1916ஆம் ஆண்டில், ஒரு பக்கம் கொழும்பிலே விஞ்ஞானத்தில் டிப்ளோமாவும், மறுபக்கம் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பட்டமும் பெற்றார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம். அதுவரை அவருக்கும் ஏணி இருந்தது; பரீட்சைகளை அவர் இகழ்ந்தவரல்லர் என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆனால் அதன் பின்னர் வந்தவற்றை எந்தப் பாடவிதானமும் அவருக்கு விதிக்கவில்லை. 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டார். காவி உடுத்தவர் 1926இல் வெளியிட்ட நூல் எது தெரியுமா? ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் வாசகருக்கு எடுத்துரைத்து, வடமொழி நாடக இலக்கணத்தையும் உடன் வைத்து ஆராயும் ‘மதங்கசூளாமணி’. பௌதிக ஆசிரியர், துறவி, நாடக ஆராய்ச்சியாளர்! அக்காலத்தில் யாராவது அவரைப் பார்த்து ‘மறுகா என்ன?’ என்று கேட்டிருக்கக்கூடும்.

மறுகா யாழ் வந்தது. பழந்தமிழர் வாசித்து, பின்னர் வழக்கொழிந்து, சொல்லாகவும் சிற்பமாகவும் மட்டும் எஞ்சியிருந்த அந்தக் கருவியைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை ஆதாரமாகக் கொண்டு மீட்டெடுக்கும் முயற்சியில் அவர் ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் ஈடுபட்டார். அந்தப் பதினான்கு ஆண்டும் அவர் ஓரிடத்தில் அமர்ந்திருக்கவில்லை. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1939இல் இமயமலைச் சாரலில் மாயாவதியிலிருந்து வெளிவந்த ‘பிரபுத்த பாரத’ என்னும் ஆங்கில சஞ்சிகையின் ஆசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர். ஆவல் போவதும் வருவதுமாக இருந்திருக்கவேண்டும். ஆனால் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அது வேறொரு கருவியோடு வந்திருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன். யாழில் மெட்டுகள் இல்லை. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். ஆகவே எந்த நரம்பு என்ன சுரம் என்பதைக் கணக்கிட்டு நிறுவ வேண்டும். அதற்குப் பண்டிதர் படித்த தமிழ் மட்டும் போதாது. பௌதிக ஆசிரியர் படித்த நரம்பதிர்வின் கணக்கும் வேண்டும். யாழ் என்ற சொல்லையே நினைத்திராத காலத்தில் அவர் கற்ற விஞ்ஞானம், பல வருடங்கள் கழித்து யாழுக்கு உதவியது.

கணக்கெழுதும் என் கைக்கு இந்த இடத்தில் பெரும் ஆனந்தம் உண்டாயிற்று. நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல்தானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால், குரலிலிருந்து எண்ணிவர ஐந்தாவதாகிய இளி ஒலிக்கும். இளிக்கு இளி, அதற்கும் இளி என்று ஏறிக்கொண்டே போனால் எல்லாச் சுரங்களும் ஒவ்வொன்றாகப் பிறக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அலுவலகத்துப் பழைய பேரேட்டின் வெற்றுத்தாளில், ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கிக்கொண்டே போனேன். பன்னிரண்டாம் முறையில் தொடங்கிய சுரத்துக்கே, ஏழு தானம் மேலே, வந்து சேரவேண்டும். அதாவது விடை 128 ஆகவேண்டும். வந்ததோ 129.7. கூட்டிப் பார்த்தேன், மீண்டும் பெருக்கினேன், பிழை என்னுடையதன்று. இயற்கையின் கணக்கே மயிரிழை அளவு ஒட்டாமல் நிற்கிறது. உலகத்துச் சங்கீத சாஸ்திரங்கள் யாவும் அந்த மயிரிழையை எங்கே ஒளித்து வைப்பது என்று யுகயுகமாகப் பிரயாசைப்பட்டிருக்கின்றன. இசை கற்காத எனக்கு இதைக் காட்டியது வாயுடைந்த ஓர் ஊரி.

‘யாழ்நூல்’ 1947 ஜூன் 5, 6 ஆகிய தினங்களில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரின் ஆதரவில் அரங்கேறியது. ஜூலை 19ஆம் திகதி சுவாமிகள் மறைந்தார். வாவியின் இசையை நீரரமகளிர் பாடுவதாகப் பாவித்து அவர் செய்த பாடலும் அந்நூலில் இருக்கிறது. அன்று பிரதிக்கு அலையவேண்டியிருந்த அந்த நூல் இன்று இணையத்திலேயே வாசிக்கக் கிடைக்கிறது. ஏழு இயல்களையும் நான் படித்து முடிக்கவில்லை. பண்ணியலில் ஓரிடத்தில் நின்றிருக்கிறேன். முடிக்காமல் நிற்பதில் எனக்கு வெட்கமில்லை; திரும்பிப் போவேன் என்று தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாயிருக்கிறேன். ஆவல் வந்த வழியே போகும்போது ஓர் அடையாளத்தை விட்டுவிட்டுப் போகவேண்டும். அதற்காக ஒரு கொப்பி வைத்திருக்கிறேன்: எந்தத் திகதியில் எது தோன்றிற்று, எதை வாசித்தேன், எவரிடம் கேட்டேன், எந்தக் கேள்வியில் நின்றேன். கடைசிக் குறிப்பு எப்போதும் கேள்வியாக இருக்கவேண்டும் என்பது நானே விதித்துக்கொண்டது. இரண்டு வருடம் கழித்துத் திறந்தாலும் அந்தக் கேள்வி நேற்று விட்ட பேச்சைப் போல் என்னோடு பேசத் தொடங்கிவிடும். மற்றொன்று, வாசிப்போடு நில்லாமல் கையாலோ காதாலோ எதையேனும் செய்து பார்ப்பது. துடுப்பில் காதை வைக்காமல் நூறு பக்கம் படித்திருந்தாலும் அந்த ஒலி எனக்கு வெறும் செய்தியாகவே இருந்திருக்கும். மருந்து கொடுப்பவரும் பாலம் கட்டுபவரும் இப்படி ஆவல் போன போக்கில் கற்றுத் தொழில் செய்யலாகாது. அங்கே ஒழுங்கும் பரீட்சையும் வேண்டும். நான் பேசுவது அவர்களும் வீடு திரும்பிய பின் மிஞ்சும் அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி.

வாவியில் பாடுவது மீனா, ஊரியா? 1950களில் மட்டக்களப்பிலிருந்த அமெரிக்க இயேசு சபைத் துறவியர் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அதைப் பதிவு செய்தார்கள். இலங்கை வானொலியிலும் அது ஒலித்தது. ஆயினும் பாடுகிறவர் யார் என்ற வழக்கு தீர்ந்தபாடில்லை. போன மாதம் பாசிக்குடாவில் அதே சாதி ஊரி ஒன்றை மீண்டும் கண்டேன், இம்முறை உயிரோடு. கடல்நீர் நிரப்பிய கண்ணாடிப் பாத்திரத்தில் அதை இட்டு, விளக்கை அணைத்துவிட்டு, பாத்திரத்தில் ஒரு மரக்கரண்டியை ஊன்றி, அதன் காம்பில் காதை வைத்துக் காத்திருந்தேன். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு கண்ணாடியில் நகம் கீறுவது போன்ற ஓசை. விளக்கை ஏற்றிப் பார்த்தேன். ஊரி நடந்துகொண்டிருந்தது, அதன் வாயிலிருந்து சிவந்த கால்கள் வெளியே நீண்டிருந்தன. உள்ளே இருந்தது, இறந்துபோன ஊரியின் ஓட்டில் குடிபுகுந்த ஒரு சிறு நண்டு. விடியுமுன் அதைக் குடாவிலே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, கொப்பியைத் திறந்து திகதியிட்டு எழுதினேன்: ‘வளர்ந்து ஓடு போதாமற் போகும்போது, அடுத்த ஓட்டை இது எப்படித் தேர்ந்தெடுக்கிறது?’