படகைக் கவிழ்க்கக் கற்றுக்கொள்வோம்

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, முதுகலை இறுதியாண்டு மாணவர்கள் 38 பேரைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். பொறுப்பாசிரியர் என்ற முறையில் உறுதிமொழிக் கடிதத்தில் கையொப்பமிட்டவன் நான்தான். திரும்பும் நாளன்று மாலை, மலையடிவார நீர்த்தேக்கம் ஒன்றில் படகுச் சவாரி. பாதி வழியில் யாரோ ஒருவர் "யானை" என்றார். அவ்வளவுதான். அனைவரும் எழுந்து கரைப் பக்கமாகச் சாய்ந்தனர். படகின் விளிம்புக்கும் நீருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. படகோட்டி போட்ட கூச்சலில் எல்லோரும் பதறி உட்கார, படகு மெல்ல நிமிர்ந்தது. மாணவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அந்தப் படகில் 'லைஃப் ஜாக்கெட்' எனப்படும் மிதவை உடை ஒன்றுகூட இல்லை. இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். வனவிலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதும் காரணங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது. அச்செய்தியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் கையொப்பமிட்ட அந்தக் கடிதத்தின் பொருள் பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். இத்தகைய விபத்துகள் ஒவ்வொன்றுக்குப் பின்னும் விசாரணை நடக்கிறது; இழப்பீடு அறிவிக்கப்படுகிறது. 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக 2021-இல் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டமும் வந்துவிட்டது. பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு எல்லாம் வேண்டியவையே. ஆனால், படகில் ஏறுகிறவருக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையில் தரம் தாழும் என்று 1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார்களை வைத்து விளக்கினார். அதை எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். படகுத்துறையில் நானே அந்த ஏமாளி வாடிக்கையாளனாக நின்றேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு பாய்மரப் படகு ஓட்டக் கற்பது என்று முடிவு செய்ததற்கு இதுவே காரணம். வீட்டில் இதை நகைச்சுவையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். 'அறுபத்து மூன்று வயதில் இது தேவையா' என்ற கேள்விக்கு என்னிடம் இன்றும் நல்ல பதில் இல்லை.

சென்னைக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. அடையாற்றங்கரையின் துடுப்புப் படகுச் சங்கம் 1867-இல் தொடங்கப்பட்டது. துறைமுகத்தை ஒட்டிய பாய்மரப் படகுச் சங்கம் 1911-இல் தோன்றியது. இரண்டும் ஆங்கிலேயர் தமக்காக ஏற்படுத்திக்கொண்டவை. கட்டுமரம் என்ற நம் சொல்லையே ஆங்கிலத்துக்குக் கொடுத்த கடற்கரையில், படகு என்பது ஒருபுறம் மீனவரின் பிழைப்பாகவும் மறுபுறம் மேட்டுக்குடியின் பொழுதுபோக்காகவும் பிரிந்து நின்றது. இடையில் இருக்கும் நம்மைப் போன்றோர் கரையில் நின்று சுண்டல் தின்றோம். இந்த நிலை சற்றே மாறி வருகிறது. பள்ளிப் பருவத்தில் கோடைக்கால முகாம் ஒன்றில் படகோட்டத் தொடங்கிய சென்னைப் பெண் நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணியாக டோக்கியோ சென்றார். முகாம்களில் சிறுவர்கள் பழகும் 'ஆப்டிமிஸ்ட்' வகைப் படகின் நீளம் 2.3 மீட்டர்தான். நம் வீட்டுக் கட்டிலைவிடச் சற்றே பெரிது.

கற்க விரும்பும் பலர் முதலில் விசாரிப்பது படகின் விலையை. என் அனுபவத்தில் இது தலைகீழ். விலை என்பது செலவின் தொடக்கம் மட்டுமே. நிறுத்துமிடம், பாய், கயிறுகள், உப்புநீர் அரித்த பாகங்கள் என்று ஆண்டுதோறும் செலவு தொடரும். படகோ ஆண்டின் பெரும்பாலான நாள்கள் உறைக்குள் கிடக்கும். தனியாக வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகாத, ஆனால் சிலர் சேர்ந்து பகிர்ந்தால் எல்லோருக்கும் பயன்படும் பொருள்களைப் பற்றி ஜேம்ஸ் புக்கனன் 1965-இல் 'சங்கங்களின் பொருளியல் கோட்பாடு' என்ற கட்டுரை எழுதினார். அவர் நீச்சல் குளத்தைச் சொன்னார். படகுக்கும் அது அப்படியே பொருந்தும். குறைந்தது ஓராண்டு சங்கத்தின் படகில், பயிற்றுநரின் கண்பார்வையில் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் விலை கேட்கலாம்.

என் பயிற்றுநர் காசிமேட்டைச் சேர்ந்த மீனவர் குடும்பத்து இளைஞர். வயது இருபத்து நான்கு. முதல் நாள் பாயை விரிப்பதைப் பற்றியோ சுக்கானைப் பற்றியோ அவர் எதுவும் சொல்லவில்லை. துறைமுகத்தின் அமைதியான நீருக்கு அழைத்துச் சென்று, "சார், இப்ப படகைக் கவுத்துடுங்க" என்றார். நான் விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். "கவுத்துப் பாத்தாதான் சார் பயம் போவும்" என்றார்.

கவிழ்த்தேன். மூக்குக் கண்ணாடி போயிற்று. கண்ணாடியைக் கயிறு கட்டி மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதே நான் கற்ற முதல் பாடம். இரண்டாவது பாடம், எது நடந்தாலும் படகை விட்டு விலகாதிருப்பது. கவிழ்ந்த சிறு பாய்மரப் படகு பெரும்பாலும் மூழ்குவதில்லை, அது மிதக்கும். கரை அருகில் தெரிகிறதே என்று நீந்தத் தொடங்குவதுதான் ஆபத்து. நீரின் மேல் தூரத்தைக் கண் எப்போதும் குறைத்தே மதிப்பிடும். மேலும், தேடி வருகிறவருக்கு அலைகளுக்கிடையே ஒரு தலையைவிட ஒரு படகு எளிதில் தென்படும். மூன்றாவது பாடம் நிமிர்த்துவது. படகின் அடியிலிருந்து நீருக்குள் இறங்கும் பலகையொன்று உண்டு. கவிழ்ந்ததும் அது பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மீது உடல் எடையைச் செலுத்திப் பின்னால் சாய்ந்தால் பாய் மெதுவாக நீரிலிருந்து எழும்; படகு நிமிரும். நான் நிமிர்த்திவிட்டேன். ஆனால், அதற்குள் ஏற முடியவில்லை. மூன்று முறை வழுக்கி விழுந்தேன். நான்காம் முறை அந்த இளைஞர் என் மிதவை உடையின் தோள்பட்டையைப் பிடித்து மூட்டையைத் தூக்குவதுபோல் உள்ளே இழுத்துப் போட்டார். ஒரு மாதம் வீட்டில் தண்டால் எடுத்த பிறகே தானாக ஏற முடிந்தது.

மிதவை உடையைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நீரில் இருக்கும் மனித உடல் தன் எடையில் பெரும்பகுதியைத் தானே மிதக்க வைத்துக்கொள்கிறது. வளர்ந்த ஒருவரின் தலை நீருக்கு மேல் நிற்க, கூடுதலாக ஏறத்தாழ 3 முதல் 5 கிலோ அளவுக்கான மிதப்பு விசை போதும். மிதவை உடைகளில் இதை நியூட்டன் கணக்கில் அச்சிட்டிருப்பார்கள். 10 நியூட்டன் ஏறக்குறைய ஒரு கிலோ. 50 நியூட்டன் என்றால், நீந்தத் தெரிந்தவர் உதவி அருகிலிருக்கும் இடத்தில் அணிவது. 150 நியூட்டன் என்பது நினைவிழந்தவரையும் முகம் மேலே இருக்குமாறு புரட்டிவிடும் நோக்கில் அமைக்கப்பட்டது. எதுவானாலும் உடலோடு இறுக்கமாகப் பொருந்தாவிட்டால் பயனில்லை. அணிந்த பின் வேறொருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். உடை காது வரை ஏறினால், நீரில் நீங்கள் கீழேயும் உடை மேலேயும் இருக்கும். குழந்தைக்குப் பெரியவர் அளவு உடையை மாட்டி, 'போதும்' என்று அனுப்புவதை நம் படகுத்துறைகளில் கண்டிருக்கிறேன். அது மாட்டாததற்குச் சமம்.

காற்றைப் படிப்பது தனிக் கல்வி. எதிர்க்காற்றில் பாய்மரப் படகு எப்படி முன்னேறுகிறது என்பது எனக்கு நெடுநாள் புதிராக இருந்தது. நனைந்த புளியங்கொட்டையை இரு விரல்களால் அழுத்தினால் அது முன்னே தெறிக்கும் அல்லவா? ஒரு விரல் பாயின் மேல் காற்று. மற்றொன்று அடிப்பலகையின் மேல் நீர். இரண்டுக்கும் நடுவே படகு முன்னே வழுக்கிச் செல்கிறது. ஆயினும் காற்று வரும் திசைக்கு நேராகவோ, அதற்கு இருபுறமும் ஏறத்தாழ 45 பாகைக்குள்ளோ இவ்வகைப் படகு செல்லாது. காற்றை நோக்கிப் போக வேண்டுமானால் வலமும் இடமுமாக வளைந்து வளைந்துதான் போக வேண்டும். சுக்கான் பிடியை இடப்புறம் தள்ளினால் படகு வலப்புறம் திரும்பும். மீனவர் அணியம் என்று சொல்லும் முன்முனை நாம் நினைத்ததற்கு நேர்மாறாகப் போகும். பத்து மணி நேரப் பயிற்சியில் கை இதைப் பழகிக்கொள்கிறது. மூளை பழகுவதற்குச் சற்றுத் தாமதமாகிறது.

காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின் மீது விழும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 15 கிலோமீட்டர் காற்றில் இன்பமாக ஓட்டியவர் 30 கிலோமீட்டர் காற்றில் திணறுவது இதனால்தான். அப்படிப் படகு மிகையாகச் சாயும்போது புதியவர் செய்யும் தவறு, பாய்க்கயிற்றை இன்னும் இறுகப் பற்றுவது. "பயம் வந்தா கயித்த விட்டுடுங்க சார்" என்று என் பயிற்றுநர் நூறு முறையாவது சொல்லியிருப்பார். கயிற்றை விட்டால் பாய் காற்றை உதறிவிடும். படகு நிமிர்ந்து நிற்கும்.

திசையும் முக்கியம். ஆனி, ஆடி மாதங்களில் சென்னைக் கரையில் காலை வேளையில் மேற்கிலிருந்து காற்று வீசும். கச்சான் என்பர் கடற்கரையோர். நிலத்திலிருந்து வருவதால் கரையோரம் கடல் குளம்போல் அமைதியாகத் தெரியும். அந்த அமைதியை நம்பிக் கிளம்பும் புதியவரை அது சத்தமில்லாமல் ஆழ்கடலுக்குத் தள்ளிவிடும். உள்ளே செல்லச் செல்லக் காற்றும் அலையும் கூடும். திரும்ப வேண்டிய திசையோ காற்றுக்கு எதிர்த்திசை. நண்பகலுக்குப் பின் கடலிலிருந்து வரும் காற்று அலையை எழுப்பி அச்சுறுத்தினாலும், நம்மைக் கரைப் பக்கமாகத்தான் தள்ளும். எது எளிது, எது ஆபத்து என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு மாறாக இருப்பதை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை, பங்குச் சந்தையைத் தவிர.

நீர்வழியின் போக்குவரத்து விதிகளை ஒரு வாரத்தில் படித்துவிடலாம். இயந்திரப் படகு பாய்மரப் படகுக்கு வழிவிட வேண்டும் என்பது பொது விதி. ஆனால், குறுகிய கால்வாயில் வரும் பெருங்கப்பலின் குறுக்கே பாய்மரம் போகக்கூடாது. விதிப்புத்தகம் கையில் இருந்தாலும் சரக்குக் கப்பலுக்கு பிரேக் கிடையாது. கிளம்புமுன் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவைக்க வேண்டும். கடலில் ஆபத்தென்றால் இந்தியக் கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணை அழைக்கலாம். இந்த எண்ணை நான் கேட்ட படித்தவர்களில் ஒருவர்கூட அறிந்திருக்கவில்லை.

பிரிட்டனில் பொழுதுபோக்குக்காகச் சொந்தச் சிறுபடகைக் கடலில் ஓட்ட உரிமம் கட்டாயமில்லை. ஆனாலும், அங்குள்ள ராயல் யாட்டிங் அசோசியேஷன் வகுத்த பயிற்சிக்கு மக்கள் தாமாகவே செல்கின்றனர். அதன் முதல் நிலை இரண்டு நாள், இரண்டாம் நிலை இரண்டு நாள். மொத்தம் நான்கே நாள்கள். நம் கல்லூரிகளில் ஒரு கருத்தரங்குக்கு அதைவிடக் கூடுதலாகச் செலவிடுகிறோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரையும், ஊர்தோறும் ஏரியும் உள்ள மாநிலத்தில், நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் இரண்டு நாளை இதற்கு ஒதுக்க முடியாதா? கற்பிக்க ஆளில்லை என்று சொல்ல முடியாது. என் பயிற்றுநரைப்போல் கடலோடு பிறந்தவர்கள் ஒவ்வொரு கடற்கரைக் குப்பத்திலும் இருக்கின்றனர். அவர்களைக் கூலிக்கு அழைக்காமல், பயிற்றுநருக்கு உரிய ஊதியத்தோடும் சான்றிதழோடும் அழைக்க வேண்டும்.

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். அன்று யானையைப் பார்க்க எழுந்து நின்ற முப்பத்தெட்டுப் பேரில் அவரும் ஒருவர். இப்போது அவரே ஒரு கல்லூரியில் துறைத் தலைவர். மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்வதாகவும், பேருந்து, விடுதி, உணவு எல்லாம் ஏற்பாடாகிவிட்டதாகவும் சொன்னார். பயணத்திட்டத்தில் படகுச் சவாரி இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு சார். அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றார். எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் எழுதியிருக்கும், அதை முதலில் படிக்கச் சொன்னேன். யாரும் எழுந்து நிற்கக்கூடாது என்பதைப் படகுத்துறையிலேயே சொல்லிவிட வேண்டும் என்றேன். ஏறுவதற்கு முன் ஒவ்வொரு மாணவரின் தோள்பட்டையையும் அவரே ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன்.

சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "சார், அன்னிக்கு நம்ம படகுல ஜாக்கெட் இருந்துச்சா?" என்று கேட்டார்.