உஷார்! திரையில் இருப்பது பழைய கணக்கு

புரோகிராம் கிராஷ் ஆனால் நிம்மதி. உடனே போன் வரும், திட்டு வாங்கிக்கொண்டு சரிசெய்துவிடலாம். கிராஷ் ஆகாமல், ஜோராக ஓடிக்கொண்டே பழைய எண்ணைக் காட்டுகிறதே, அதற்குத்தான் பயப்பட வேண்டும். மருந்துக் கடையில் 18 அட்டை இருப்பதாகத் திரை சொல்கிறது, டேட்டாபேஸில் இருப்பதோ 3. கவுண்டரில் நிற்பவர் திரையைத்தான் நம்புவார்.

விண்டோஸ் மென்பொருள்களுக்குத் திரை அமைக்கும் மைக்ரோசாஃப்டின் டபிள்யூபிஎஃப் 2006-ல் வந்தது. இன்றும் எத்தனையோ பில்லிங், ஸ்டாக் மென்பொருள்கள் அதில்தான் ஓடுகின்றன. ‘பைண்டிங் போட்டாச்சு, இனி டேட்டா மாறினால் திரையும் தானாக மாறிவிடும்’ என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மாறாது! ‘என் மதிப்பு மாறிவிட்டது’ என்று அந்த ஆப்ஜெக்ட்டே பிராப்பர்ட்டி சேஞ்ச்டு ஈவென்ட் மூலம் குரல் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது பிராப்பர்ட்டியின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் போச்சு. கம்பைலர் வாயே திறக்காது. 2015-ல் சி ஷார்ப் 6-உடன், அந்தப் பிசகைக் கம்பைலரே பிடிக்க வைக்கும் ‘நேம்ஆஃப்’ வந்த பிறகும் பெயரை மேற்கோள் குறிக்குள் கையால் தட்டுவதற்கு மன்னிப்பே இல்லை. அளவு மாறினால் மொத்தத் தொகையும் மாறுமே? அதற்கும் தனியாகக் குரல் கொடுத்தாக வேண்டும்.

லிஸ்ட்டிலும் இதே கதைதான். சாதாரண லிஸ்ட்டில் புது வரிசை சேர்த்தால் கிரிடுக்குத் தெரியாது, அப்சர்வபிள் கலெக்‌ஷன் வேண்டும். அதுவும் வரிசை வந்ததையும் போனதையும்தான் சொல்லும், வரிசைக்குள் விலை மாறினால் சொல்லாது. வேறு த்ரெட்டிலிருந்து அதில் கைவைத்தால் எக்ஸெப்ஷன் வரும். அதைக் காலி கேட்ச் போட்டு அமுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதைவிட மோசமான வேலை இந்தத் தொழிலில் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் திரை பின்தங்கும் கதை. டேட்டா பின்தங்குவது இன்னும் விஷம். டெக்ஸ்ட்பாக்ஸில் அடித்தது, வழக்கமாக ஃபோகஸ் வெளியே போகும்போதுதான் ஆப்ஜெக்ட்டுக்குப் போய்ச் சேரும். விலையை 125-லிருந்து 135 ஆக்கிவிட்டு, அப்படியே டூல்பாரில் உள்ள ‘சேமி’ பட்டனை அழுத்துகிறார் ஒருவர். டூல்பார் தனி ஃபோகஸ் எல்லை. அதில் கிளிக் செய்தால் டெக்ஸ்ட்பாக்ஸுக்கு லாஸ்ட் ஃபோகஸ் வராது. ‘சேமிக்கப்பட்டது’ என்று செய்தி வரும், திரையிலும் 135 இருக்கும். உள்ளே போனது 125! மெனுவில் சேமித்தாலும் இதே கதிதான். கன்ட்ரோல் எஸ் அடித்தாலும் ஃபோகஸ் நகராது. ஃபார்மில் சாதாரண பட்டனை வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும், அதனால்தான் டெஸ்டிங்கில் இது சிக்குவதில்லை. அப்டேட் சோர்ஸ் ட்ரிக்கரை பிராப்பர்ட்டி சேஞ்ச்டு என்று மாற்றுங்கள். இல்லையென்றால் சேமிக்கும் முன் அப்டேட் சோர்ஸை நீங்களே அழையுங்கள்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். விஷுவல் ஸ்டுடியோவில் டீபக் செய்தபடி ஒவ்வொரு ஸ்கிரீனையும் திறந்து, அவுட்புட் விண்டோவைப் பாருங்கள். ‘சிஸ்டம்.விண்டோஸ்.டேட்டா எர்ரர்: 40’ என்று வரி வந்தால், பைண்டிங் தேடிய பெயர் அங்கே இல்லை என்று பொருள். அப்படி ஒரு வரி இருந்தாலும் அந்த பில்டை வாடிக்கையாளருக்கு அனுப்பாதீர்கள்.