முதுகில் இல்லை, இடுப்பெலும்பில்தான் அந்த ஊசி!

‘‘முதுகுல ஊசி குத்தி எலும்பை எடுத்துப் பார்க்கணுமாம். கால் வராமப் போயிடுமோ?’’

எலும்பு பயாப்ஸி என்றதும் பெரும்பாலான வீடுகளில் எழும் முதல் பயம் இதுதான். சின்ன காஞ்சிபுரம் போன்ற ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து நெய்தவர்களுக்கு முதுகுவலி புதிதல்ல. ‘தறி வலிதான்’ என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால், அறுபதைத் தாண்டியவருக்கு ராத்திரியிலும் விடாத வலி, கூடவே ரத்தசோகை, உடல் மெலிவு என்று சேர்ந்தால் மல்டிபிள் மைலோமா எனும் மஜ்ஜைப் புற்றுநோயாக இருக்குமோ என்று டாக்டர் யோசிப்பார். அப்போதுதான் இந்த ஊசி வருகிறது.

முதலில் பயத்தைத் தீர்த்துக்கொள்வோம். மஜ்ஜை பரிசோதனைக்கான ஊசி, இடுப்பெலும்பின் பின்பக்க மேட்டில்தான் இறங்குகிறது. தண்டுவடம் அங்கே இல்லை. முதுகில் நீர் எடுப்பது வேறு பரிசோதனை.

எந்த ஊசி என்பது, எலும்பிலிருந்து என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. மஜ்ஜையில் உறிஞ்சி எடுக்கக்கூடிய திரவமும் உண்டு, கெட்டியான திசுவும் உண்டு. திரவத்துக்கு, அளவுக்கு மேல் ஆழமாக இறங்காதபடி தடுப்பு வைத்த ‘சாலா’ போன்ற ஊசி போதும். திசுவைத் துண்டாக எடுக்க ‘ஜம்ஷிதி’ ஊசி. அமெரிக்காவில் பணியாற்றிய ஈரானிய மருத்துவர் ஜம்ஷிதி 1971-ல் அறிமுகப்படுத்தியது. இதன் நுனி மட்டும் குறுகியிருக்கும். அதனால் உள்ளே நுழைந்த துண்டு நசுங்காமல், முழுசாக வெளியே வரும். சில நோய்களில் மஜ்ஜை நார்போல இறுகி, உறிஞ்சினால் ஒன்றும் வராது. அப்போது இந்தத் துண்டுதான் பேசும்.

ஊசிக்கு நம்பர் உண்டு. பருத்தி நூலில் 60-ம் நம்பரைவிட 100-ம் நம்பர் மெல்லியது அல்லவா? அதே கணக்குதான் இங்கேயும். பெரியவர்களுக்கு வழக்கமாக 11, அதாவது சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன். குழந்தைகளுக்கு 13. ‘‘சின்ன ஊசியாப் போடுங்க டாக்டர்’’ என்று கெஞ்சுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் உதவி அல்ல. துண்டு 2 சென்டிமீட்டராவது இருந்தால் நல்லது. போதாமல் போனால் மறுபடியும் குத்த வேண்டிவரும்.

வலிக்காதா? வலிக்கும். தோலும் எலும்பின் மேலுறையும் மரத்துப்போக மருந்து போடுவார்கள். மஜ்ஜையை உறிஞ்சும் சில நொடிகள் மட்டும் உள்ளே சுண்டி இழுக்கும். மரப்பு மருந்து அங்கே எட்டாது. ஆஸ்பிரின், வார்ஃபரின் போல ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நீங்களாக நிறுத்தவும் கூடாது.

எலும்பில் ஓர் இடத்தில் மட்டும் கோளாறு என்றால் கதையே வேறு. முதுகெலும்பு அரித்திருந்தால் நம் நாட்டில் புற்றுநோயைப் போலவே காசநோயையும் சந்தேகிக்க வேண்டும். சிடி ஸ்கேனில் பார்த்தபடி ஊசியைச் செலுத்துவார்கள். எலும்பு கல்லாக இறுகியிருந்தால் துளையிடும் ஊசி தேவைப்படும். எடுத்ததை எல்லாம் ஃபார்மலினில் போட்டுவிட்டால் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க வழியில்லை. ‘‘டி.பி. டெஸ்ட்டுக்குத் தனி பாட்டில் உண்டா?’’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள், தப்பில்லை.

பிள்ளைகளுக்கு முழங்கால் பக்கம் எலும்பில் கட்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். புற்றுநோயாக இருந்தால், ஊசி போன பாதையையும் சேர்த்தே அறுவை சிகிச்சையில் அகற்ற வேண்டியிருக்கும். எனவே, ஆபரேஷன் செய்யப்போகும் குழு சொல்லும் இடத்தில்தான் ஊசி இறங்க வேண்டும். அவசரத்துக்கு வேறெங்கோ குத்திக்கொண்டு வரக் கூடாது.

அண்ணாவின் வீடு இருப்பது சின்ன காஞ்சிபுரத்தில்தான். 1969 பிப்ரவரி 3-ல் அவரைப் பறித்தது புற்றுநோய். அவர் பெயரிலேயே காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சந்தேகம் என்றால் அந்த வாசலை மிதிக்க இந்த ஊர்க்காரர்கள் தயங்க வேண்டியதில்லை.

கடைசியாக, ரிப்போர்ட். திரவத்தின் முடிவு சீக்கிரம் வந்துவிடும். எலும்புத் துண்டிலிருந்து சுண்ணாம்புச் சத்தை நீக்கிய பிறகே சீவிப் பார்க்க முடியும் என்பதால் அதற்குக் கூடுதல் நாளாகும். முதல் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். இரண்டாவதும் கைக்கு வந்ததும், இரண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.