வயிற்றுக்குள் வீடு!

யானைக்கு வயிறு பெரிது என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால், அந்த வயிற்றுக்குள் ஒரு குடும்பமே ஒரு கோடைக் காலம் குடியிருந்தது என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவில், நியூ ஜெர்ஸி மாநிலத்தில், அட்லாண்டிக் சமுத்திரக் கரையிலுள்ள மார்கேட் என்ற ஊரில் நிற்கிறாள் லூஸி. உயரம் 65 அடி. எடை சுமார் 90 டன். உடம்பு மரம், தோல் தகரம், ஜன்னல்கள் 22! காலுக்குள் இருக்கும் சுழற்படியில் ஏறினால் வயிறு வரும். அங்கிருந்து முதுகின் மேலுள்ள அம்பாரிக்குப் போய்விட்டால், கண்ணுக்கு எட்டிய தூரம் கடல்தான்.

1881-ல் இவளைக் கட்டியவர் ஜேம்ஸ் லாஃபர்ட்டி. பக்தியா காரணம்? கலை ஆர்வமா? இல்லை, வியாபார யுக்தி! மணல்வெளியாகக் கிடந்த நிலத்தை அவர் மனை போட்டு விற்க வேண்டும். சும்மா கூப்பிட்டால் யார் வருவார்கள்? யானையைப் பார்க்க வருவார்கள் அல்லவா! வந்தவர்களை அம்பாரியில் ஏற்றி, "அதோ, அந்த மனைதான்" என்று காட்டலாமே!

ஆனால் யானையைக் கட்டித் தீனி போடுவது லேசா? 1887-ல் அது கெர்ட்ஸன் குடும்பத்தாரின் கைக்கு மாறியது. 1902-ல் ஒரு டாக்டர் குடும்பம் கோடைக்கு அதில் குடியேறியது. பிறகு மதுக்கடையாகவும் ஆயிற்று. 'லூஸி' என்ற பெண் பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. நம் நாட்டில் பெண் யானைக்கு நீண்ட தந்தம் கிடையாது. இதை லூஸியிடம் போய் யார் சொல்வது?

உப்புக் காற்று தகரத்தை அரித்தது, மரம் உளுத்தது. 1970-ல் அந்த இடமும் விலைக்குப் போயிற்று. முப்பது நாளில் யானையை அப்புறப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் இடிப்பார்கள்! நிலம் விற்க வந்தவளுக்கு நிற்க நிலமில்லை.

ஊரார் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கமிட்டி அமைத்துப் பணம் திரட்டினார்கள். ஜூலை 20-ந் தேதி, சக்கரங்களின் மேல் ஏறிய லூஸி, சுமார் ஏழு மணி நேரம் நகர்ந்து, பக்கத்திலிருந்த புது இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். 1976-ல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற கௌரவமும் கிடைத்தது. 2012-ல் வீசிய ஸாண்டி புயலையும் தாங்கினாள். 2022-ல் தோல் முழுவதும் புதிதாயிற்று.

அன்று மனை வாங்கியவர்கள் யார் யாரோ! லூஸிக்கு மட்டும் ஊரார் ஜூலை மாதத்தில் பிறந்த நாள் கொண்டாடுகிறார்கள்.