தறி வீட்டிலிருந்து ஓர் உலகச் சுற்றுலா!

என்ன குட்டீஸ், லீவு விட்டாச்சா? பக்கத்து வீட்டு நண்பன் ஊட்டிக்குக் கிளம்பிவிட்டான். எதிர் வீட்டுத் தோழி கொடைக்கானல் போகிறாளாம். நீங்கள் மட்டும் வீட்டில்! காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும், இது எவ்வளவு வருத்தம் என்று. வைகாசி முகூர்த்தத்துக்குப் புடவையை முடித்துக் கொடுக்க வேண்டும். அப்பாவால் தறியை விட்டு நகர முடியாது. "அடுத்த வருஷம் போகலாம் கண்ணு" என்ற பதில்தான் வரும். போன வருஷமும் அதே பதில்தான்!

சரி, வருத்தப்படாதீர்கள். இதே காஞ்சிபுரத்தில், சுமார் 1,400 வருடங்களுக்கு முன், ஒருவர் இருந்த இடத்திலிருந்தே ஒரு நாட்டைச் சுற்றிப் பார்த்தார். அவர் யார் தெரியுமா? வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்களே, சீன யாத்திரிகர் யுவான் சுவாங்தான்!

அவர் கி.பி. 640 வாக்கில் காஞ்சிக்கு வந்தார். அப்போது இது பல்லவர்களின் தலைநகரம். மாமல்லன் என்று நாம் சொல்லும் முதலாம் நரசிம்மவர்மன் ஆண்ட காலம். இங்கே நூறு புத்த மடங்களும், பத்தாயிரம் பிக்குகளும் இருந்ததாக யுவான் சுவாங் எழுதி வைத்திருக்கிறார். இங்கிருந்து கப்பல் ஏறி இலங்கைக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. மூன்று நாள் கடல் பயணம்தான். ஆனால் நடந்தது என்ன? இலங்கையிலிருந்து முந்நூறு பிக்குகள் காஞ்சிக்கு வந்து சேர்ந்தார்கள். "எங்கள் ராஜா இறந்துவிட்டார். நாட்டில் பஞ்சம். அங்கே போகாதீர்கள்" என்றார்கள்.

அவ்வளவு தூரம் நடந்து வந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் அவர் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. இலங்கையைப் பற்றிக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு சீனா திரும்பி, தன் பயண நூலில் இலங்கைக்கும் இடம் கொடுத்து எழுதினார். கால் வைக்காத நாட்டைப் பற்றி!

இந்த லீவில் நீங்களும் அதையே செய்யலாம். வீட்டில் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு, ஓர் உலக உருண்டை, கொஞ்சம் நூல் போதும். நூலுக்கா பஞ்சம், தறி வீட்டில்?

நூலை உருண்டையின் நடுவில், நிலநடுக்கோட்டின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி வெட்டுங்கள். அந்த நீளம்தான் 40,000 கிலோமீட்டர். அதைப் பாதியாக மடித்தால் 20,000. மறுபடி மடித்தால் 10,000. மொத்தம் நான்கு முறை மடித்தால் 2,500. மடிப்புகளில் மையால் குறி வையுங்கள். உங்கள் அளவுகோல் தயார்! (மடிக்கும் வேலையைத் தாத்தாவிடம் கொடுங்கள். நூல் விஷயத்தில் அவர் கை நம்மைவிடச் சுத்தம்.)

எங்கே முதலில் போவது? அம்மாவின் பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். கல்யாணப் புடவைதான் நம் பயணச் சீட்டு. அதன் பட்டு எங்கிருந்து வந்தது? கர்நாடகத்தில் பட்டுக்கூடு சந்தைக்குப் பெயர்போன ராமநகரம் என்ற ஊர் இருக்கிறது. 'ஷோலே' இந்திப் படம் எடுத்த பாறைகளும் அங்கேதான். சித்தப்பாவைக் கேளுங்கள், கதையே சொல்வார். ஒரே ஒரு கூட்டைப் பிரித்தால் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு இழை வரும். இந்தப் பட்டுப்புழுவை முதலில் வளர்க்கக் கற்றவர்கள் சீனர்கள். உங்கள் நூல் அளவுகோலை யுவான் சுவாங் புறப்பட்ட சீனத் தலைநகரில் (இப்போது ஷியான் நகரம்) வைத்துக் காஞ்சி வரை இழுத்துப் பாருங்கள். நேர்க்கோட்டில் சுமார் 3,800 கிலோமீட்டர் வரும். அவர் பாலைவனம், பனிமலை எல்லாம் சுற்றி வந்தார் என்பதால் நடந்தது அதைவிடப் பல மடங்கு!

அடுத்து ஜரிகை. சிவப்புப் பட்டு இழையின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசினால் ஜரிகை. அதற்குப் பேர்போன ஊர் குஜராத்தில் உள்ள சூரத். நேர்க்கோட்டில் சுமார் 1,200 கிலோமீட்டர். அங்கே அப்பாவுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், மே மாதத்தில் ஒருநாள் நம் ஊரில் சூரியன் மறைந்ததும் போன் போடச் சொல்லுங்கள். "உங்கள் ஊரில் இருட்டிவிட்டதா?" என்று கேளுங்கள். "இன்னும் வெயில் அடிக்கிறதே!" என்பார். அங்கே சூரியன் மறைய இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒன்றுதான், ஆனால் சூரியனுக்கு அது தெரியாதே! சூரத் மேற்கே இருக்கிறது, வடக்கேயும் இருக்கிறது. ஏன் இப்படி என்று உருண்டையையும் ஒரு டார்ச் விளக்கையும் வைத்து நீங்களே கண்டுபிடியுங்கள்.

கடல் தாண்டவும் ஓரிடம் சொல்கிறேன். தாய்லாந்தில் தகுவாபா என்ற ஊர். அங்கே ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. 'அவனி நாரணம்' என்ற குளத்தைப் பற்றியது. காஞ்சியை ஆண்ட மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயரைக் கொண்ட குளம் அது. நூலை வைத்தால் சுமார் 2,000 கிலோமீட்டர்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். நோட்டில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் 'பார்த்தது', மறுபக்கம் 'கேட்டது' என்று எழுதுங்கள். ஏன் என்றால், யுவான் சுவாங்கே இதில் மாட்டிக்கொண்டார்! இலங்கைக்குத் தெற்கே ஒரு தீவு இருக்கிறதாம். அங்கே மூன்றடி உயர மனிதர்கள், பறவை அலகு போன்ற வாயோடு, தேங்காய் மட்டும் தின்று வாழ்கிறார்களாம். யாரோ அளந்துவிட்டதை அப்படியே எழுதிவிட்டார். நீங்கள் கேட்ட செய்தியை இன்னொருவரிடமும் விசாரியுங்கள், புத்தகத்திலும் தேடுங்கள். இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். அதில்தான் சண்டையும் சுவாரசியமும்!

'பார்த்தது' பக்கம் காலியாக இருக்கிறதே என்று கவலையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெயில் தணிந்ததும் கைலாசநாதர் கோயிலுக்குப் போய் வாருங்கள். கி.பி. 700 வாக்கில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. யுவான் சுவாங் வந்தபோது இது இல்லை; அவருக்குக் கிடைக்காத காட்சி உங்களுக்கு. அங்கே ஒரு தூணில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சிக் கோயிலில் கன்னடமா? ஆமாம். சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் படையெடுத்து வந்து காஞ்சியைப் பிடித்தான். ஆனால் இந்தக் கோயிலின் செல்வத்தை எடுத்துக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்தான். அந்தச் செய்திதான் அது. அவனுடைய ராணி லோகமகாதேவி, கர்நாடகத்தில் உள்ள பட்டடக்கல்லில் விருபாட்சர் கோயிலைக் கட்டினாள். நம் கைலாசநாதர் கோயிலின் சாயல் அதில் தெரியும் என்கிறார்கள்.

பட்டடக்கல்லை இப்போதைக்கு 'கேட்டது' பக்கத்தில் எழுதி வையுங்கள். சுமார் 550 கிலோமீட்டர். அடுத்த வருஷம் அப்பாவுக்குத் தறியிலிருந்து லீவு கிடைக்கும்போது, எங்கே போகலாம் என்று கேட்டால் நோட்டை எடுத்து நீட்டலாம்.