கன்றின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள்

கடன் வாங்கியாவது கீற்றைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டுவிட்டால், ஊரில் அது ஒரு படி ஏறியதற்கு அடையாளம். வருஷா வருஷம் கூரை வேய வேண்டாம், கரையான் தொல்லை இல்லை, தீப் பயமும் இல்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் சித்திரை மதியம் அந்தத் தகரத்தின் கீழ் கட்டிக்கிடக்கும் எருமைக்கன்றைப் பாருங்கள். விலா எகிற மூச்சு வாங்கும். வாயோரம் எச்சில் ஒழுகும். வைத்த தீவனம் வைத்தபடி இருக்கும்.

எருமையின் கறுப்புத் தோல் வெயிலை இழுத்துக்கொள்ளும். வியர்த்துத் தணியவும் அதற்கு வழி குறைவு. பசுவின் தோலில் இருக்கும் வியர்வைச் சுரப்பிகளில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் எருமைக்கு உண்டு. அதனால்தான் பெரிய எருமை அவிழ்த்துவிட்டதும் குட்டையைத் தேடி ஓடுகிறது. கன்றை யார் குட்டைக்கு ஓட்டிப்போகிறார்கள்? அதற்குக் கட்டுத்தறியே கதி.

வெயில் மட்டும்தான் எதிரி என்றால் கணக்கு சுலபம். குளிரும் கன்றைத்தான் முதலில் பிடிக்கும். பெரிய எருமையின் முதல் வயிற்றுக்குள் தீவனம் நொதித்துக்கொண்டே இருக்கும். அது அணையாத அடுப்பு. பால்குடிக் கன்றுக்கு அந்த அடுப்பு இன்னும் மூட்டப்படவில்லை. உடம்பும் சிறிது. முர்ரா இன எருமைக் கன்று பிறக்கும்போது சுமார் 30 கிலோதான். எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், அதனால் சூடு சீக்கிரம் வெளியேறிவிடும். பிறந்த கன்றின் அடர்ந்த முடி ஓரளவு காக்கும். ஆனால் முடி நனைந்துவிட்டால் அந்தக் காவலும் போயிற்று.

இந்தக் கன்றுக்குத்தான் தகரக் கூரை ஒரே நாளில் இரண்டு பருவத்தைக் காட்டுகிறது. மெல்லிய உலோகம் மதியம் தணலாகக் காய்ந்து, சூட்டைக் கீழே இறக்கும். இரவில் அதே வேகத்தில் குளிர்ந்து, விடிகாலையில் சொட்டுச் சொட்டாக நீர் இறக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் மதிய வெயிலில் சுடத்தான் செய்யும். கான்கிரீட் தளம் வேறு விதம்: பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்து, வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். தென்னங்கீற்றிலும் பனையோலையிலும் அடுக்குகளுக்கு நடுவே காற்று தங்குகிறது. அது வெயிலை எளிதில் உள்ளே விடாது, உள்ளிருக்கும் சூட்டையும் எளிதில் வெளியே விடாது. நாளின் சராசரி வெப்பத்தைப் பார்த்துக் கொட்டகையை எடைபோட முடியாது. உச்சிக்கும் விடியலுக்கும் நடுவே எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதே கன்றின் கணக்கு.

முர்ராவின் தாயகமான ஹரியாணாவில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கடுமை. மத்திய எருமை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் ஹிசாரில் கோடையில் 45 டிகிரியைத் தொடும். ஜனவரி இரவில் பூஜ்யத்தை நெருங்கும். அங்கே ஒரே கொட்டகை இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். கோடையில் நாலு பக்கமும் திறப்பு, மரநிழல். பனிக்காலத்தில் சாக்குப் படுதா, தரையில் வைக்கோல், கன்றின் முதுகில் சாக்கு.

ஆனால் இறுக்கி மூடிவிட்டால் இன்னொரு தொல்லை. மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, தரையோடு படுத்திருக்கும் கன்றின் மூக்கில்தான் முதலில் ஏறும். இருமலும் நுரையீரல் அழற்சியும் அங்கிருந்து தொடங்கும். எனவே கீழே காற்று அறையாமல் இடுப்பளவு சுவர், மேலே திறப்பு, தேவைப்படும்போது மட்டும் படுதா என்று வைத்துக்கொள்வது நல்லது.

நம்மூரில் குளிரைவிட ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் சோதனை. சாரல் அடித்து, தரை சொதசொதவென்று கிடந்தால் கழிச்சலும் சளியும் வரும். தரைக்குச் சரிவும் காய்ந்த வைக்கோலும் முக்கியம். இளங்கன்று ஒன்றுக்குக் கூரைக்கடியில் 1 சதுர மீட்டர், திறந்தவெளியில் 2 சதுர மீட்டர் என்பது பரிந்துரைக்கப்படும் அளவு. கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக அமைந்தால் காலை, மாலை வெயில் பக்கவாட்டில் அதிகம் நுழையாது. தகரம் போட்டவர்கள் அதைப் பிரிக்க வேண்டியதில்லை. மேலே கீற்றைப் பரப்பலாம், சுண்ணாம்பு அடிக்கலாம், சுரைக்கொடியோ பீர்க்கங்கொடியோ ஏற்றிவிடலாம். கூரையும் குளிரும், காயும் கிடைக்கும்.

மூச்சு வாங்குவதற்கும் நடுங்குவதற்கும் கன்று செலவழிப்பது குடித்த பாலைத்தான். அந்தப் பால் உடம்பில் ஒட்டாது. கிடேரி மெதுவாக வளரும், பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும், முதல் ஈற்றும் தள்ளிப்போகும். கூரையில் மிச்சம் பிடித்த காசு இப்படிக் கரையும்.

நம் கொட்டகைகளை நாம் நின்றபடி பார்த்துக் கட்டுகிறோம். மதியம் 2 மணிக்கு ஒருமுறை, விடிகாலை 4 மணிக்கு ஒருமுறை, கன்று படுக்கும் இடத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எழுந்து வரும்போது எதை மாற்ற வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.